ஒரு பெயரும் மூன்று நகரங்களும்

ஒரே பெயர் பூண்ட ஊர்களின் நினைவுச் சின்னங்களை ஒரே வரலாற்றின் சான்றுகளாகக் கொள்ளலாமோ என்பது ஆராய்தற்குரியது. சென்னை, பினாங்கு, கயானா ஆகிய மூவிடத்தும் ‘ஜார்ஜ் டவுன்’ என்னும் பெயர் உண்டு. எனினும் அப்பெயர் சுட்டும் மன்னன் ஒருவனல்லன். பினாங்கிலும் கயானாவிலும் சுட்டப்படுபவன் மூன்றாம் ஜார்ஜ். சென்னையில் ஐந்தாம் ஜார்ஜ். சென்னைக் கோட்டையின் பெயரோ புனிதர் ஒருவரைக் குறிப்பது.

முதற்கண் சென்னையை நோக்குவோம். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சுக்காரரோடு நிகழ்ந்த போர்களையொட்டிக் கோட்டையின் வடபால் இருந்த குடியிருப்பு இடிக்கப்பட்டது. அந்நிலம் வெற்றிடமாக விடப்பட்டது. அதன் எல்லை காட்ட 1773-இல் ஆறு தூண்கள் நடப்பட்டன. அவற்றுள் எஞ்சிய ஒன்று பாரிமுனையில் உள்ளது. அப்பால் எழுந்த ‘கறுப்பர் நகரம்’ 1911-இல்தான் ஜார்ஜ் டவுன் ஆயிற்று. ஆகவே, அத்தூண் பெயரினும் 138 ஆண்டு முற்பட்டது. அது மன்னன் புகழைக் கூறுவதன்று. ஓர் ஆணையின் சான்று.

பினாங்கின் நிலை வேறு. கடாரத்து அரசருக்குரிய அத்தீவில் 1786-இல் கொடியேற்றியவர் பிரான்சிஸ் லைட். அவர் சிலை நிறுவப்பட்டதோ 150 ஆண்டு கழித்து, 1936-இல். அவருடைய உருவப்படம் கிடையாமையின் மகன் வில்லியத்தின் முகச்சாயல் கொண்டு வடித்தனர் என்பர். எனவே அச்சிலை 1786-ஐக் காட்டிலும் 1936-இன் மனநிலைக்கே சிறந்த சான்றாகும்.

கயானாவில் டச்சுக்காரர் 1784-இல் இட்ட ‘ஸ்டாபுரோக்’ என்னும் பெயரை ஆங்கிலேயர் 1812-இல் மாற்றினர். ஆயினும் அவர்களே 1881-இல் எழுப்பிய அங்காடி இன்றும் ஸ்டாபுரோக் அங்காடியே. நினைவூட்டக் கருதாத கட்டடம் பழம்பெயரைக் காத்துநிற்கின்றது.

சின்னம் சுருங்கிய அளவினது. அனைத்தையும் அதன்கண் எழுத இயலாதே எனின், அது தடையாகாது. நம் நிலக்கொடைக் கல்வெட்டுக்கள் மெய்க்கீர்த்தியில் வேந்தனைப் போற்றினும், கொடைப்பகுதியில் நான்கெல்லையும் உரியவர் பெயரும் கூறத் தவறுவதில்லை. மேற்கூறிய சின்னங்களில் மெய்க்கீர்த்தி உண்டு, அல்லது எல்லை உண்டு. வீடிழந்தோர் பெயர் எங்கும் இல்லை.

ஆதலின் இத்தகைய சின்னத்தைச் சான்றாக ஆள்வோர் நிகழ்ச்சி நடந்த ஆண்டு, பெயரிட்ட ஆண்டு, சின்னம் நாட்டிய ஆண்டு என்னும் மூன்றையும் பிரித்தறிதல் வேண்டும். அவற்றை ஒன்றாக மயங்கின், நாட்டியவர் கருத்தே நாட்டு வரலாறாகிவிடும். பெயரொற்றுமை ஆய்வின் தொடக்கமேயன்றி முடிபாகாது.