0.991-க்குள் வராதவர்கள்

சர்க்கரை நோயாளிகளின் விழித்திரைப் படத்தைப் பார்த்தே பாதிப்பைச் சொல்லும் மென்பொருளைப் பற்றி 2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் ‘ஜாமா’ மருத்துவ இதழில் எழுதினார்கள். 1,28,175 படங்களில் பயின்ற அதற்கு ஏ.யு.சி. என்னும் அளவுகோலில் கிடைத்தது 0.991. இதை ‘99 சதவீதம் சரி’ என்று படித்துவிடத் தோன்றும். ஆனால் நோயுள்ள கண், இல்லாத கண் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நோயுள்ளதற்குக் கூடுதல் மதிப்பெண் போடுகிறதா என்பதைத்தான் அந்த எண் அளக்கிறது. ‘உங்களுக்கு நோய் இருக்கிறது’ என்று ஒருவரிடம் சொன்னால் அதை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு கேள்வி.

பழைய படங்களோடு அவர்கள் நின்றுவிடவில்லை, அது மெச்சத்தக்கது. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா ஆகிய இரண்டு கண் மருத்துவமனைகளிலும் 3,049 நோயாளிகளிடம் சோதித்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். அரவிந்தில் பாதிப்பு நடுத்தரத்தைத் தொட்டவர்களில் 88.9 சதவீதத்தினரை மென்பொருள் பிடித்தது, மற்றவர்களில் 92.2 சதவீதத்தினரைச் சரியாக விட்டுவிட்டது.

இந்த எண்களை வைத்து நாமே ஒரு கணக்குப் போடலாம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடக்கும் முகாமுக்கு 1,000 பேர் வருகிறார்கள், 50 பேருக்குத்தான் அந்தப் பாதிப்பு என்று வையுங்கள். மென்பொருள் அவர்களில் 44 பேரைப் பிடிக்கும். நோயில்லாத 950 பேரில் 74 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். ஆக, ‘பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்’ என்ற சீட்டோடு நிற்கும் 118 பேரில் பாதிக்கு மேல் வீண் அலைச்சல். அதே மென்பொருளை, பாதிப் பேருக்கு நோயிருக்கும் சிறப்புப் பிரிவில் வைத்தால் சீட்டு வாங்கிய 483 பேரில் 444 பேருக்கு உண்மையிலேயே நோய். மாறியது வரிசையில் நிற்பவர்கள் மட்டும்தான். அதைச் சொல்லாமல் துல்லியத்தை மட்டும் அச்சிடுவது, என் கணக்கில், பாதி அறிக்கை.

தாய்லாந்தில் இன்னொன்றும் தெரியவந்தது. கூகுளின் இந்த மென்பொருளைப் பயன்படுத்திய 11 மருத்துவ நிலையங்களில் நடந்ததைப் பதிவு செய்த 2020 ஆய்வின்படி, செவிலியர்கள் எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தை மென்பொருள் ஏற்கவே இல்லை. இருட்டாக்கக்கூடிய தனி அறை இரண்டு இடங்களில்தான் இருந்தது. மற்ற இடங்களில் வெளிச்சத்துக்கு நடுவில் எடுத்த படம் மங்கியது. படம் தேறாதவர்கள் இன்னொரு நாள், இன்னொரு ஊருக்குப் போய்க் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஏற்காத படம் சரியிலும் சேராது, தவறிலும் சேராது. 2016-இன் 0.991-உம் அப்படி வந்ததுதான்: சோதனைக்கு வைத்திருந்த 9,963 படங்களில் முழுத் தெளிவாக இருந்த 8,788-ஐ மட்டும் வைத்துப் போட்ட கணக்கு அது.