கையடக்க விளையாட்டும் விமர்சகரின் மதிப்பெண்ணும்

கையில் அடங்கும் கன்சோலுக்கென்று வெளிவரும் வீடியோ கேம்களை மதிப்பிட்டு எழுதும் தொழில், மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு, தொலைக்காட்சிப் பெட்டியில் ஆடும் விளையாட்டுகளை விமர்சிக்கும் தொழிலின் ஒரு சிறு கிளையாகவே தோன்றும். சற்று நிதானித்து யோசித்தாலோ, இரண்டுக்கும் உள்ள பேதம் திரையின் அளவோடு முடிந்துவிடுவதன்று என்பது விளங்கும். வீட்டு விளையாட்டு சாவகாசமாக உட்கார்ந்து ஆடுவதற்கு உரியது. கையடக்க விளையாட்டோ ரயிலிலும் பள்ளி இடைவேளையிலும் படுக்கையிலும் பத்து நிமிஷம் ஆடி, மூடி வைத்து, மறுபடி எடுத்து ஆடுவதற்கு உரியது. கட்டுச்சோற்றின் ருசியைக் கல்யாணப் பந்தியின் அளவுகோலால் அளக்கலாமா? இப்பேதத்தை உணர்ந்து எழுதிய இடங்களிலெல்லாம் இவ்விமர்சனம் மிகுந்த பிரயோஜனம் தந்திருக்கிறது; மறந்த இடங்களில் வெறும் எண் கணக்காகச் சுருங்கியிருக்கிறது.

முதலில் அதன் சிறப்பைச் சொல்வோம். 1989-இல் வந்த கேம் பாய் என்னும் கையடக்கக் கருவிக்கு 160-க்கு 144 புள்ளிகள் கொண்ட ஒரு சிறு திரை, நான்கே சாயல்கள், உள்ளிருந்து ஒளி கிடையாது. அடுத்த ஆண்டு வந்த கேம் கியர் வண்ணமும் ஒளியும் கொண்டு மின்னினாலும், ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தது. இத்தகைய குணதோஷங்கள் விளம்பரப் படத்தில் தெரிவதில்லை. கருவியைக் கையில் வைத்து ஆடிப் பார்த்தவரே சொல்ல முடியும். 2001-இல் கேம் பாய் அட்வான்ஸ் வெளிவந்தபோது, அதனுடன் வந்த ‘காசில்வேனியா: சர்க்கிள் ஆஃப் த மூன்’ என்னும் விளையாட்டின் அமைப்பையும் இசையையும் மெச்சிய விமர்சகர்கள் பலர், இருண்ட கோட்டைக்குள் நடக்கும் அக்கதை, ஒளியில்லாத அத்திரையில், விளக்கடியில் சாய்த்துப் பிடித்தாலன்றிக் கண்ணுக்குப் புலப்படவில்லை என்று குறைகூறினர். மறு ஆண்டு வந்த அதன் அடுத்த படைப்பில் நிறங்கள் துலக்கமாயின. 2003-இல் வந்த, அதே கேம் பாய் அட்வான்ஸின் எஸ்பி வடிவத்தில் திரைக்கு விளக்கும் சேர்ந்தது. இம்மாற்றங்களுக்கு விமர்சனம் ஒன்றே காரணம் என்று சாதிக்க முடியாது. ஆயினும் படைப்பையும் கருவியையும் சேர்த்தே எடைபோட்ட அவ்வபிப்பிராயங்கள் வாங்குபவரின் பணத்தைக் காத்தன என்பதில் சந்தேகமில்லை.

இனிக் குறைகளைப் பார்ப்போம். ஜப்பானில் 1986-இல் தொடங்கிய ‘ஃபமிட்சு’ பத்திரிகையில், ஒரே விளையாட்டை நான்கு பேர் தனித்தனியே ஆராய்ந்து, ஆளுக்குப் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் இடுவது வழக்கம். ஒருவருடைய ரசனைக்கு மற்றவர் ரசனை காவலாக நிற்கும் இம்முறை போற்றத்தக்கதே. ஆனால் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சில வரிகளே. ஆகவே வாசகர் மனத்தில் நிற்பது கூட்டுத்தொகை ஒன்றுதான். 1998-இல் ‘ஜெல்டா: ஒக்கரினா ஆஃப் டைம்’ அங்கே முதன்முதலாக 40-க்கு 40 பெற்றது; 2005-இல், டிஎஸ் என்னும் கையடக்கக் கருவியின் தொடுதிரையில் நாய்க்குட்டியைத் தடவிக் கொடுத்தும், பெயர் சொல்லி அழைத்தும் வளர்க்கிற ‘நின்டென்டாக்ஸ்’ அதே 40-ஐப் பெற்றது. இரண்டும் தத்தம் வழியில் சிறந்தவை என்றே கொள்வோம். ஒன்று நெடுங்கதை, மற்றொன்று தினம் சிறிது நேரம் கொஞ்சி மகிழும் பொழுதுபோக்கு என்ற அடிப்படை விஷயத்தை அந்த எண் சொல்லுமா?

எண்ணின் நிழலில் நியாயமான வாதமும் அடிபட்டுப் போகும். 2014-இல் 3டிஎஸ் என்னும் கையடக்கக் கருவிக்கு வந்த, பிராணிகளைப் பிடித்துச் சேர்க்கும் போக்கிமான் விளையாட்டின் மறுவாக்கத்துக்கு ஐஜிஎன் என்னும் விமர்சன இணையதளம் பத்துக்கு 7.8 கொடுத்து, இறுதியில் இட்ட குறைப்பட்டியலில் தண்ணீர் அதிகம் என்பதையும் ஒன்றாகச் சேர்த்தது. அவ்விளையாட்டு நடக்கும் நாட்டின் ஒரு பெரும்பகுதி கடலாக இருக்க, அதைக் கடக்கும்போது ஏறக்குறைய ஒரே விதமான பிராணிகளே திரும்பத் திரும்ப எதிர்ப்படுவது ஆடியவர் அறிந்த அலுப்பு. அக்குறையில் விஷயம் இருந்தது. இருந்தும் எண்ணும் அந்தத் துண்டு வாசகமும் கட்டுரையிலிருந்து பிரிந்து சென்று, பல ஆண்டுகள் கேலிப்பொருளாக உலவின.

இவற்றினும் ஆழமான குறை ஒன்றுண்டு. விமர்சகர் கெடுவுக்குக் கட்டுப்பட்டு, பெரும்பாலும் தனியாக, ஒரே மூச்சில் ஆடி முடிக்கிறார். 1996-இல் ஜப்பானில் வந்த முதல் போக்கிமான் விளையாட்டிலோ, ஒரே பிரதியை வைத்துக்கொண்டு எல்லாப் பிராணிகளையும் சேர்த்துவிட முடியாது; வேறொரு பிரதி வைத்திருப்பவரைத் தேடிப்பிடித்து, இரு கருவிகளையும் கேபிளால் இணைத்துப் பண்டமாற்றுச் செய்தாக வேண்டும். பிஎஸ்பி என்னும் கையடக்கக் கருவியில் பெரும்புகழ் பெற்ற ‘மான்ஸ்டர் ஹன்ட்டர்’ வேட்டைகளும் நால்வர் அருகருகே கூடி ஆடும்போதே முழு ருசி தருவன. கூட்டாளி இல்லாத அறையில் எழுதப்படும் தீர்ப்பு இவற்றில் பாதியைத்தான் காண்கிறது. 2017-இல் வந்த ஸ்விட்ச் என்னும் கருவி, பெரிய திரையிலும் கையிலும் ஆடத்தக்கதாகிவிட்டபின், வேறொரு சிக்கலும் சேர்ந்தது: தொலைக்காட்சியில் ஆடி எழுதியவருக்கு, ஆறு அங்குலத் திரையில் எழுத்துகள் எறும்பாகச் சிறுத்துப்போவது தெரிய நியாயமில்லை.

மதிப்பெண்ணை ஒழித்துவிட வேண்டும் என்பது என் கட்சியன்று. சேர்த்து வைத்த பணத்தில் ஒன்றே ஒன்று வாங்கப்போகும் பையனுக்கு அது உதவவே செய்கிறது. ஆனால் எந்தக் கருவியில், எவ்வளவு நேரம், தனித்தா கூடியா ஆடினேன் என்பதையும், பாதியில் மூடிவைத்துத் திரும்ப எடுத்தபோது ஆட்டம் விட்ட இடத்தில் பிடிகொடுத்ததா என்பதையும் விமர்சகர் முதலிலேயே சொல்லிவிடுவாரானால், அவர் இட்ட எண் தம் சூழ்நிலைக்குப் பொருந்துமா என்று வாசகரே தீர்மானித்துக்கொள்வார். அந்த விவரம் இல்லாத 40-ஐக் காட்டிலும், அது உள்ள 30 வாங்குபவருக்கு அதிகம் பயன்படும்.