விழித்தெழும் பெட்டி

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் மின்சாரம் போய்த் திரும்பும்போதெல்லாம் ரௌட்டர் முன் நின்றுவிடுவேன். அது விழித்தெழும் அழகு அப்படி.

முதலில் செயலி, ஃபிளாஷ் நினைவகத்திலுள்ள சிறு தொடக்க நிரலைப் படிக்கிறது. அந்த நிரல் ராம் என்னும் தற்காலிக நினைவகத்தைத் தயார் செய்து, ஃபிளாஷில் சுருக்கி வைத்த இயங்குதளத்தை அங்கே விரிக்கிறது. பிறகுதான் நாம் வைத்த வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் வருகின்றன. மின்சாரம் போனால் ராம் அனைத்தையும் மறந்துவிடும். ஃபிளாஷ் பத்திரமாக வைத்திருக்கும்.

விளக்குகள் ஒவ்வொன்றாக எரிகின்றன. 2010இல் தொடங்கிய யூனிஃபை இணையச் சேவை நம் வீடுகளுக்குக் கொண்டுவந்த கண்ணாடி இழையில் செய்தி ஒளியாய் வருகிறது. சுவரோரச் சிறு பெட்டி அதை மின்சமிக்ஞையாக்கி ரௌட்டரிடம் தருகிறது.

கிள்ளானில் இருக்கும் அம்மாவின் முகம் திரையில் மலர்கிறது. பெட்டி விழித்தெழுவது சில நிமிட வேலைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் படி தவறாமல், முதலிலிருந்து.