இயந்திரத்துக்கு மூச்சிரைத்தபோது

ஜெர்மன் மின்னணு இசைக்குழுவான கிராஃப்ட்வெர்க்கைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு தீர்ப்பை மனப்பாடமாகவே வைத்திருக்கிறார்கள்: 1981இல் வந்த ‘கம்ப்யூட்டர் வேர்ல்ட்’தான் சிகரம், அப்புறம் குழுத்தலைவர் ரால்ஃப் ஹூட்டருக்குச் சைக்கிள் பைத்தியம் பிடித்தது, குழு கெட்டது. குழுவிலிருந்து விலகிய வோல்ஃப்காங் ஃப்ளூரும் கார்ல் பார்ட்டோஸும் தங்கள் நினைவுக்குறிப்புகளில் இதே குறையைச் சொல்லியிருப்பதால் தீர்ப்புக்குச் சாட்சிகளும் கிடைத்துவிட்டார்கள். சைக்கிள் பந்தயத்தின் பெயரிலேயே 1983இல் வெளிவந்த ‘டூர் டி பிரான்ஸ்’ என்ற சிங்கிளுக்கு இந்தக் கதையில் அடிக்குறிப்பாக மட்டுமே இடம். எனக்கோ அந்த அடிக்குறிப்புதான் மூலபாடம்.

மின்னணு இசைக்கு வண்டி மோகம் புதிதல்ல. 1948இல் பிரெஞ்சு இசைஞர் பியேர் ஷேஃபர் பாரிஸின் ஒரு ரயில் நிலையத்தில் எஞ்சின் சத்தங்களைப் பதிவுசெய்து ஓர் இசையாக்கமே செய்தார். 1961இல் பெல் ஆய்வுக்கூடத்துக் கணினி முதன்முதலில் வாய்திறந்து பாடியது 1892இன் ‘டெய்ஸி பெல்’. இருவர் மிதிக்கும் சைக்கிளைப் பற்றிய காதல் பாட்டு அது. இயந்திரம் பாடிய முதல் பாட்டே சைக்கிள் பாட்டு. ஆனால் அந்தக் குரலில் மூச்சில்லை. டுஸ்ஸல்டார்ஃபில் கிராஃப்ட்வெர்க்கை நிறுவிய ஹூட்டரும் ஃப்ளோரியன் ஷ்னைடரும் 1974இல் காரை எடுத்தார்கள். ‘ஆட்டோபான்’ 22 நிமிடத்துக்கு மேல் ஓடியது. 1977இல் ரயில். இரண்டும் மகத்தானவை. ஆனால் இரண்டிலும் இசைஞன் சொகுசாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் பயணி. 1978இன் ‘மேன் மெஷின்’ சிவப்புச் சட்டையும் கறுப்பு டையும் போட்டுக்கொண்டு மனிதனும் இயந்திரமும் ஒன்றென்று அறிவித்தது. அறிவிப்பு அழகுதான், ஆனால் அது வேஷம்.

அந்த வேஷம் நிஜமானது சைக்கிளில், அந்த 1983 சிங்கிளில். அங்கே எஞ்சினே மனிதன். சாம்ப்ளரில் பிடித்த மூச்சிரைப்பை நேராகத் தாளத்துக்குள் உட்காரவைத்தார்கள். உள்ளிழுப்பும் வெளிவிடுதலும் டிரம் அடியின் வேலையைச் செய்கின்றன. சங்கிலியின் சரசரப்பு அதற்குத் துணை. ஹூட்டரும் மாக்ஸிம் ஷ்மிட்டும் எழுதிய பிரெஞ்சு வரிகளில் தத்துவம் எதுவும் கிடையாது. 2,642 மீட்டர் காலிபியே கணவாய், டூர்மலே, கல்பாவிய சாலையில் பஞ்சர், கடைசி ஓட்டம், தோழமை, அவ்வளவுதான். கிராஃப்ட்வெர்க் பாட்டில் களைப்பு என்ற ஒன்று நுழைந்தது இங்கேதான். காரும் ரயிலும் ரோபோவும் களைப்பதில்லை.

இந்தப் பாட்டின் மெட்டுத் தொடக்கம் ஜெர்மன் இசையமைப்பாளர் ஹிண்டமித் 1936இல் எழுதிய புல்லாங்குழல் சொனாட்டாவை நினைவூட்டுகிறது என்பதைப் பலர் குற்றச்சாட்டாகச் சொல்கிறார்கள். நான் அதை வேறு விதமாகக் கேட்கிறேன். ஷ்னைடர் அடிப்படையில் புல்லாங்குழல்காரர். ‘ஆட்டோபா’னுக்குப் பிறகு குழல் ஒதுங்கி, சின்தசைசர் மட்டும் நின்றது. ஒதுக்கிய மூச்சு ஒன்பது வருஷம் கழித்து, குழலே இல்லாமல், வெறும் மூச்சாகத் திரும்பி வந்தது.

அந்த நாட்களில்தான் ஹூட்டர் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயம்பட்டார். ‘டெக்னோ பாப்’ என்று அறிவித்த ஆல்பம் நின்றுபோய், 1986இல் ‘எலக்ட்ரிக் கஃபே’ என்ற பளபளப்பான, உயிரற்ற தட்டாக வந்தது. சிங்கிளுக்கு அதில் இடமில்லை. அந்தச் சிங்கிளின் அருமையைப் புரிந்துகொண்டவர்கள் விமர்சகர்கள் அல்லர், ஆட்டக்காரர்கள். லாஸ் ஏஞ்சல்ஸைக் களமாகக் கொண்ட 1984இன் ‘பிரேக்கின்’ படத்தில் மைக்கேல் சேம்பர்ஸ் தெருவில் துடைப்பத்தோடு ஆடும் புகழ்பெற்ற ஆட்டம் இந்தப் பாட்டுக்குத்தான். ரோபோ இசை என்று முத்திரை விழுந்த குழுவின் பாட்டில் ஓர் உடல் ஒளிந்திருப்பதை அந்த ஆட்டக்காரரின் உடல்தான் கண்டுபிடித்தது.

2003இல் பந்தயத்தின் நூற்றாண்டுக்காக வந்த ‘டூர் டி பிரான்ஸ் சவுண்ட்டிராக்ஸ்’ ஜெர்மனியில் முதலிடம் பிடித்தது, விமர்சகர்களும் மெச்சினார்கள். எனக்கு அது மருத்துவமனை ரிப்போர்ட். இதயத்துடிப்பு, வைட்டமின், டைட்டானியம், காற்றியக்கம்: மிதிப்பவன் போய் அவனுடைய அளவுகள் மிஞ்சின. ‘லா ஃபார்ம்’ மட்டும் விதிவிலக்கு. கடைசியில் மறுபதிவாக வரும் பழைய சிங்கிளே ஆல்பத்தின் மற்ற பாடல்களைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

உடம்பில் உணரிகளை ஒட்டி, வரும் எண்களை ஒலியாக்குவதைப் புதுமை என்கிறார்கள் இன்றைய இளைஞர்கள். அது 2003இன் பாதை. அதில் போனால் தரவு கிடைக்கும், பாட்டு கிடைக்காது. ஒருவனுடைய மூச்சைத் தாளத்தின் எஜமானாக்கிவிட்டு, இயந்திரத்தை அதன் பின்னே ஓடவைத்தது 1983. மின்னணு இசைக்கு எதிர்காலம் உண்டென்றால் அதை அந்தச் சிங்கிளிடமிருந்துதான் கற்க வேண்டும். சைக்கிள் கிராஃப்ட்வெர்க்கைக் கெடுக்கவில்லை. சைக்கிளை விட்டு ஸ்டாப்வாட்சைப் பிடித்ததுதான் கெடுத்தது.