ஓலைச் சிலுவை மடிக்கும் ஆச்சி

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின சாயங்காலம், தூத்துக்குடிப் பக்கத்துப் பனங்காட்டு ஊர்களில் ஏதாவதொரு திண்ணையில் ஓர் ஆச்சி ஓலை மடித்துக்கொண்டிருப்பார். வெயில் படாத வெளிர்மஞ்சள் குருத்து. ஈர்க்கை நகத்தால் கீறி இழுத்தால் 'சர்ர்' என்று ஒரே மூச்சில் பிரிகிறது. பச்சை வாசம் எழுகிறது. குறுக்கே ஒரு மடிப்பு, பின்னால் ஒரு திருப்பு, நுனியைச் செருகி ஓர் இழுப்பு. பசை இல்லை, நூல் இல்லை. சிலுவை விறைப்பாக நிற்கிறது. இழுப்பு கூடினால் ஓலை கிழியும், குறைந்தால் நெகிழும். அந்த அளவு விரல்களுக்குத்தான் தெரியும்; உதடுகள் தம் பாட்டுக்கு 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டிருக்கும்.

எனக்கு இன்னும் பிடித்தது அவர் பங்கு வைக்கும் விதம். கோவிலுக்கு வரமுடியாமல் படுக்கையில் கிடப்பவர்களுக்கு முதலில். பிறகு பிள்ளை பெற்ற வீட்டுக்கு. "ஆச்சி, எனக்கு?" என்று வந்து நிற்கும் பிள்ளைகள் கையில் ஓலையைக் கொடுத்து, "நீயே மடி, நான் பாக்குறேன்" என்பார். சாவு வீட்டில் செபமாலை எடுப்பதும் ஊர் கூடி உண்ணும் அசனத்துக்கு வெங்காயம் உரிப்பதும் இதே கைகள்தான். மந்திரித்த சிலுவை வாசல் நிலையில் கிட்டத்தட்ட ஒரு வருஷம் காய்ந்து, அடுத்த விபூதிப் புதனுக்குச் சாம்பலாகக் கோவிலுக்கே திரும்பும். ஆச்சிக்கு அதில் வருத்தமில்லை. அதற்குள் பனையேறுபவரிடம் புதுக் குருத்துக்குச் சொல்லி வைத்திருப்பார்.