கேமரூன் தூக்கி எறிந்த காட்சி

ஜேம்ஸ் கேமரூனின் 'டைட்டானிக்' (1997) படத்தைப் போன வாரம் திரும்பவும் பார்த்தேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் வயர்லெஸ் அறைக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். கேப்டன் ஸ்மித் வந்து சி.க்யூ.டி. அனுப்பச் சொல்கிறார், அவ்வளவுதான். பக்கத்தில் பனிக்கட்டிக்கு நடுவே நின்றிருந்த 'கலிஃபோர்னியன்' கப்பலைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. அந்தக் காட்சியையும் எடுத்திருக்கிறார், எடிட்டிங்கில் தூக்கிட்டார். என்னைக் கேட்டால், படத்தின் உண்மையான சோகம் அதில்தான் இருந்தது.

நடந்தது இதுதான். 1912 ஏப்ரல் 14 இரவு, கலிஃபோர்னியனின் ஆபரேட்டர் சிரில் எவன்ஸ் பனிக்கட்டி பற்றி எச்சரித்தார். வயசு 20. கப்பல் கிட்டே இருந்ததால் சிக்னல் டைட்டானிக்கின் ஜாக் பிலிப்ஸ் காதில் இடி மாதிரி விழுந்தது. செட் பழுதாகி, பயணிகளின் தந்திகள் குவிந்து கிடந்தன. "வாயை மூடு, வேலையா இருக்கேன்" என்ற பொருளில் பதில் அனுப்பினார் பிலிப்ஸ். எவன்ஸ் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார். கப்பலில் இருந்த ஒரே ஆபரேட்டர் அவர்தான்.

பிறகு வந்த அதிகாரி குரோவ்ஸ் ஆர்வத்தில் ஹெட்போனை மாட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அந்த மேக்னடிக் டிடெக்டர் கடிகாரம் மாதிரி சாவி கொடுத்தால்தான் ஓடும். அது அவருக்குத் தெரியாது.

1958-இல் வந்த 'எ நைட் டு ரிமெம்பர்' படம் கலிஃபோர்னியனுக்கு இடம் கொடுத்தது. அந்த வகையில் அதுவே மேலான படம். ஆனால் முடியும்போது நமக்கு அந்தக் கப்பல்காரர்கள் மேல்தான் கோபம் வருகிறது. காலையிலிருந்து உழைத்த ஒரே ஆள் தூங்கினால் காதுக்கு மாற்று யார் என்ற கேள்வி எழுவதில்லை.

இரவு ஷிஃப்டில் சர்வரைக் காத்த எனக்கு அந்தக் கேள்வி நெருக்கமானது. ஒரு தடவை அலர்ட் சரியாகவே வந்தது; என் போன் சைலன்ட்டில் கிடந்தது. காலையில் எல்லோரும் என்னைத்தான் திட்டினார்கள். இரண்டாவது ஆளை ஏன் போடவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

அமெரிக்கா கேட்டது. 1912 ஜூலையிலேயே சட்டத்தைத் திருத்தி, பயணிகள் கப்பல்களில் இரவும் பகலும் வயர்லெஸ் காவல் வேண்டும் என்றது. அபாயக் குரல் அனுப்பப் பிலிப்ஸ் கடைசிவரை இருந்தார். கேட்க ஆள் வைக்கும் விதிதான் இல்லை. கேமரூனின் படம் அதைச் சொல்லவில்லை என்பதுதான் என் குறை.