கதைக்குக் காது உண்டா?

ஆழ்வார்குறிச்சிப் பக்கத்துக் கொடைகளில் சுடலைமாடன் கதை பாடும் வில்லுப்பாட்டுப் புலவரால் மாடன் பிறந்ததையோ பூலோகம் வந்ததையோ மாற்ற முடியாது. எதை விரித்துப் பாடுவது, எங்கே வேகம் கூட்டுவது என்பதை எதிரே நிற்கும் சாமியாடியையும் கூட்டத்தையும் பார்த்துத் தீர்மானிப்பார். பாத்திரமேற்று ஆடும் ஆர்பிஜி வகைப் பழைய வீடியோ கேம்களை உரசிப் பார்க்க இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியவில்லை. கதையின் எலும்பு மாறக்கூடாது. ஆடுகிறவர் எப்படிப்பட்டவர் என்பதும் அந்தக் கதையின் காதில் விழ வேண்டும்.

ஜப்பானின் டிராகன் குவெஸ்ட் வரிசையிலேயே இந்த இழுபறியைப் பார்க்கலாம். 1988இல் வந்த மூன்றாம் பாகத்தில் துணைவர்களை ஒரு மதுக்கடையில் நாமே பெயரிட்டு, தொழில் கொடுத்து உருவாக்கலாம். பிறகு கடைசிவரை அவர்கள் வாய் திறப்பதில்லை. 1990இல் வந்த நான்காம் பாகத்தில் இரண்டையும் வடிவமைத்த யூஜி ஹோரீ துணைவர்களுக்கென்று தனி அத்தியாயங்கள் எழுதினார். ஆயுதக் கடையில் கூலிக்கு நின்று விற்கும் டொர்னெகோ அப்படி உயிர்பெற்றவர். ஆனால் முதலில் வெளிவந்த வடிவத்தின் இறுதி அத்தியாயத்தில் துணைவர்களுக்குப் பொதுவாக ஓர் உத்தியைச் சொல்லலாமே தவிர, சண்டையில் நேரடியாகக் கட்டளையிட முடியாது. ஆளுக்கு உயிர் வந்தது, நம் பிடி போனது.

ஃபைனல் ஃபேண்டஸி ஆறு (1994) எதிர்த்திசையில் சறுக்குகிறது. கைச்சண்டைக்கார சேபின், இயந்திரக்கார எட்கர் என்று 14 பேரை அவ்வளவு அழகாகப் பிரித்துக் காட்டிவிட்டு, பிற்பாதியில் அநேகமாக எல்லோருக்கும் ஒரே மந்திரங்களைக் கற்றுக்கொடுக்கிறது. கதையில் வேறு வேறு ஆட்கள், சண்டையில் ஒரே ஆள்.

பிளேன்ஸ்கேப்: டார்மென்ட் (1999) எழுத்தில் இவை எல்லாவற்றுக்கும் மேலே. பெயரில்லாத, சாகாத, நினைவிழந்த ஒருவன் பிணக்கிடங்கில் கண்விழிக்கிறான். அவனுக்கு நாம் பெயரோ முகமோ தர முடியாது. அறிவுக்கும் விவேகத்துக்கும் புள்ளிகளைக் கூட்டினால் பேச்சுகள் திறக்கின்றன, பழைய நினைவுகள் மீள்கின்றன. அந்தப் புள்ளிகளை உடல்வலிமையில் போட்டவருக்கோ கதையின் சிறந்த பகுதி கிடைப்பதே இல்லை. இழந்தது இன்னதென்றும் அவருக்குத் தெரியாது. இது பெரிய குறை. பல தேர்வுகளைக் காட்டிவிட்டு ஒன்றுக்கு மட்டும் பரிசு தருவதைச் சமநிலை என்று சொல்ல மாட்டேன்.

என் தீர்ப்பு ஃபால்அவுட்டுக்கே (1997). ஏழு குணங்களுக்கு 40 புள்ளிகளைப் பங்கிடுகிறோம். அறிவுக்கு மூன்று அல்லது அதற்கும் கீழே வைத்தால் நாயகனால் உறுமத்தான் முடியும். எதிரே இருப்பவர்கள் அதற்கேற்பவே அவனிடம் பேசுகிறார்கள். பல பணிகள் அவனுக்குக் கிடைப்பதில்லை. டார்மென்டைப் போலவே கதவு அடைபடுகிறது, ஆனால் அடைபடும் ஓசை இங்கே கேட்கிறது. அந்த இழப்பே ஒரு கதையாகிறது. டார்மென்டின் ஆழம் ஃபால்அவுட்டில் இல்லை, உரையாடலும் அந்த அளவுக்கு நினைவில் நிற்பதில்லை. இருந்தும் எலும்பு உறுதியாக இருக்கிறது. நாயகன் வாழ்ந்த நிலவறையின் நீர்ச் சுத்திகரிப்புக்கான சிப்பைக் கொண்டுவர 150 நாள் கெடு எல்லோருக்கும் ஒன்றுதான். முடிவில் நாம் கடந்துவந்த ஊர்களின் கதி நம் செயலுக்கேற்ப மாறுகிறது. நாயகன் அறிவாளியோ முரடனோ, அவன் காப்பாற்றிய நிலவறையின் தலைவர் உள்ளே வராதே என்று சொல்லித்தான் அவனை அனுப்புகிறார்.